சென்சாருக்கு வைத்த பொட்டு

புதன், ஆயுத பூசை இரவு

இன்று சாயங்காலம் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சந்தனப் பொட்டு வைக்கச் சொன்னார் அம்மா. நான் தானாகத் திறந்து மூடும் ஆட்டோ கேட்டையும் விடவில்லை. வழியில் யாராவது நின்றால் கேட்டை மூடவிடாமல் தடுக்கும், தூணில் இருக்கும் இரண்டு சென்சாருக்கும் குளிரக் குளிர வைத்தேன். அதன்பின் கேட் மூடவே இல்லை.

அப்பாவுக்கு பத்து பெரண்டாம் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் இரவு வேலை. போன வாரம்தான் எதிர்வீட்டில் திருடன் புகுந்தான். "பொம்பளைங்கள தனியா வுட்டு, கேட்டயும் தொறந்து போட்டுட்டு எப்படிப் போறது?" என்று ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தார். பயத்தில் நான் சந்தனம் ஒட்டிய விரலை மடக்கிக்கொண்டேன்.

போன் செய்ததும் பக்கத்து ஊரான செங்கிலிருந்து கேட் ரிப்பேர் அண்ணன் வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். சென்சாரைத் துணியால் துடைத்ததும் கேட் மூடிக்கொண்டது. துணி மஞ்சளாகிவிட்டது.

"என்ன கோளாறு, தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"தூசிதான்லா, அண்ணே. பூசைக் கடலை இருந்தா குடுங்க, காசு வேணாம், அது போதும்."

மஞ்சள் துணியைப் பார்த்து அப்பா சிரித்தார். வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "அடுத்த வருசம் கொஞ்சம் தள்ளி வைம்மா" என்றார்.

திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.