கட்டுப் போட்ட நடுநிலை

ஜூன் 4
அண்ணன் இளவரசு ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றுகிற தீவு நாடு இன்று டிவியில் கைகூப்பியது. அக்கம்பக்கத்து நாடுகள் அடித்துக்கொள்கின்றன. இவர்கள் யார் பக்கமும் இல்லையாம். கூப்பிய கைக்குள் ஏர்போர்ட் சாவி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 9
வெளிநாட்டுப் படை விமானங்கள் அங்கே இறங்க ஆரம்பித்துவிட்டன. எண்ணெய் நிரப்பத்தானாம், அது ராணுவப் பயன்பாடு ஆகாதாம். பாண்டியன் மாமாவும் எங்கள் வீட்டுக்கு உட்காரத்தான் வருவார். போகும்போது குழம்புச் சட்டி காலி. அதுவும் சாப்பாடு ஆகாது.

ஜூன் 15
அண்ணன் பேசினான். ஒரே பெருமை. விமானத்துக்குள் பெட்டிகள் மேல் வலை போட்டு இறுக்க வேண்டுமாம். இவன் அப்பாவோடு கடலுக்குப் போன கை. படகில் போடுகிற முடிச்சைப் போட்டுவிட்டான். பெட்டி அசையவே இல்லையாம். இப்போது ஒவ்வொரு விமானமும் "அந்த வலைக்காரன் எங்கே" என்றுதான் கேட்கிறதாம்.
பெட்டியில் என்ன என்றேன்.
"மருந்துன்னு சொல்றாங்க."
"மருந்துக்கு எதுக்குணா துப்பாக்கி காவல்?"
சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 21
எண்ணெய் கொடுத்தாலும் எதிரிதான், அடிப்போம் என்று இன்னொரு தரப்பு சொல்லிவிட்டது. தீவு நாட்டு நாடாளுமன்றம் விடிய விடியப் பேசி முடிவெடுத்தது: பயணிகள் பக்கம் நடுநிலை, சரக்குப் பக்கம் எண்ணெய் மட்டும். ஒரே ஏர்போர்ட்டில் கோடு! குண்டு குனிந்து பார்த்து விழும் போல. சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்தேன்.
வீட்டில் அம்மா சிரிக்கவில்லை. ஆவணியில் அண்ணனுக்கு நிச்சயதார்த்தம். பயணிகள் பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டானாம். உன் முடிச்சு வேண்டும், விடமாட்டோம் என்றார்களாம்.

ஜூன் 22
முடிச்சைத் தளர்த்திப் போடு, தானாகத் துரத்துவார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன்.
"பிளேனுக்குள்ள பட்டாளத்துப் பசங்க உக்காந்துருப்பானுங்கடி. பெட்டி சரிஞ்சா நசுங்கிடுவானுங்க."
இப்படி ஒரு குரலில் அவன் என்னிடம் பேசியதில்லை. சரி, கையில் கட்டுப் போட்டுக்கொள், மணிக்கட்டு சுளுக்கு என்று சொல் என்றேன். பள்ளிக்கூடத்தில் தேர்வு தள்ளிப்போட நான் செய்ததுதான்.

ஜூன் 24
பலித்தது! கட்டுப் போட்ட கையோடு போட்டோ. பயணிகள் பெட்டி தள்ளுகிறான். நான் இருக்க வேண்டிய இடம் ஐ.நா.
சரக்குப் பக்கம் யார் என்றேன். அறைத்தோழன் அந்தோணிசாமியாம், நம் கடலூர் முதுநகர்ப் பையன். போன மாதம் பொழுதுபோகாமல் அண்ணன்தான் அவனுக்கு முடிச்சைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

ஜூன் 30
சரக்குப் பக்கம் அடித்துவிட்டார்கள். அண்ணன் போன் எடுக்கலை. எடுக்கலை. எடுக்கலை.

ஜூலை 1
எடுத்தான். "நான் நல்லாருக்கேன்" என்றான்.
அந்தோணிசாமிக்கு வலது கால் முழங்காலோடு போய்விட்டது.

ஜூலை 5
தீவு நாடு வன்மையாகக் கண்டித்திருக்கிறது. யாரை என்று சொல்லவில்லை. சொன்னால் நடுநிலை கெட்டுவிடுமே!

ஜூலை 13
அண்ணன் வந்து மூன்று நாளாகிறது. காலையில் அப்பாவோடு படகு தள்ளினான். இரண்டு கையாலும்.
பத்து மணிக்கு வாசலில் ஒரு குரல். அந்தோணிசாமியின் அம்மா ஜான்சி. மகன் இன்னும் அங்கே ஆஸ்பத்திரியில். அண்ணன் என்னை உள்ளறைக்கு இழுத்தான். கையை நீட்டினான். நான்தான் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.
வெளியே வந்து உட்கார்ந்ததும் ஜான்சி அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.
"ஒனக்குக் கை முடியலன்னுதான் எம்புள்ள போனானாம். இப்ப வலி தேவலயா தம்பி?"
அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். டீ போடப் போனேன்.