வலம் சுற்றும் படகு

எடின்பரோ, மே மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு, எஃபி எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம். மருத்துவமனை வேலையும் பழகிவிட்டது.

மே முதல் தேதி விடியலில் தோழிகளோடு குன்றேறி, சபை வருவதற்கு முந்தைய பழைய வழக்கப்படி தீ மூட்டி, சூரியன் போகும் திசையில் அதை வலம் வந்தேன். ஒரு கிண்ணம் பாலை மண்ணில் ஊற்றினேன். அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயப்படாமல் கும்பிட்டேன்.

தோழி ஒருத்தி அதைப் படமெடுத்து இணையத்தில் போட, அது நம் லூயிஸ் தீவு வரைக்கும் வந்துவிட்டதாம். தங்கச்சி பெகி போனில் அழுதாள். "அக்கா, போதகர் உன் பேரைச் சொல்லி, பேய்க்குப் பால் ஊத்துற பொண்ணுன்னு சபையில ஜெபம் பண்ணினார். அப்பாவும் எழுந்து நின்னு ஆமென் சொன்னார்."

நீங்கள் சபை மூப்பர், வேதம் தெரிந்தவர். துறையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் படகை வலமாக ஒரு சுற்றுச் சுற்றுகிறீர்களே, அது வேதத்தில் எங்கே இருக்கிறது? சின்ன வயதில் நான் விளையாட்டாக இடப்பக்கம் திருப்பியதற்கு, "எல்லாரையும் கொல்லப் பாக்குறியா?" என்று அறைந்தீர்கள். படகில் போதகர் என்ற வார்த்தையைச் சொன்னாலே, கடலில் அது ஆகாது என்று முறைப்பீர்கள். அங்கே யாருக்குப் பயந்தீர்கள்? இயேசுவுக்கா? அதையே நான் தரையில் செய்தால் மட்டும் பேயா?

இங்கே அறை குளிர்கிறது. என் கம்பளிச் சட்டையையும் கொஞ்சம் உப்பு மீனையும் தபாலில் அனுப்புங்கள். நம் தீவு மொழி பேச இங்கே ஆளில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. எனக்காக இனிமேல் சபையில் எழுந்து நிற்க வேண்டாம். ஆனால் இந்த வாரம் புயல் என்கிறார்கள். படகை வலமாகச் சுற்றாமல் மட்டும் கடலுக்குப் போய்விடாதீர்கள்.

எஃபி