இருபத்து நாலு முட்டை

786
பழவேற்காடு
12-8-1966

அன்புள்ள ஆபிதாவுக்கு மெஹர்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், மகன், மருமகள், பேத்தி எல்லோரும் அல்லாஹ் கிருபையால் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்திலேயே பார்த்துக்கொண்டேன். ரோசம்மாள் டீச்சர் அடித்து அடித்து வளைத்த 'ஆ'வன்னாவின் சுழி அப்படியே இருக்கிறது. நீ எழுதி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. பினாங்கில் குண்டு விழுந்தது என்றார்கள், அத்தோடு உன் கடிதமும் நின்றது. நான் அழுது ஓய்ந்தவள். உயிரோடு இருந்துகொண்டா ஒரு வரி எழுதாமல் இருந்தாய்? அந்தச் சண்டையை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்கிறேன்.

நாற்பது டஜன் லுங்கி கேட்டிருக்கிறாய். அவர் மௌத்தான பிறகு லுங்கி வியாபாரத்தை நான்தான் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்புக்காரி என்று என்னை இளக்காரமாக நினைத்தவன் எவனும் என்னிடம் கணக்கில் ஜெயித்ததில்லை. ஆனால் நாற்பது டஜனுக்கு நூல் வாங்கக் கையில் பணம் இல்லை. திருவள்ளூரில் அனந்தபத்மநாபன் என்று ஒரு பாங்கு ஏஜெண்டு இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த ஆர்டர் காகிதத்தில் விலையும் கையெழுத்தும் இருந்தால், அந்தக் காகிதத்தை நம்பியே நூலுக்குப் பணம் தருவாராம். சரக்குப் போய் நீ பணம் அனுப்பியதும் பிடித்துக்கொள்வாராம். கூடவே என் வீட்டுப் பத்திரத்தையும் கேட்கிறார். உன் கையெழுத்து இருக்கும்போது எனக்கென்ன பயம், கொடுக்கிறேன் என்றேன்.

விலைக்கு வருகிறேன். ஜூன் மாதம் சர்க்கார் ரூபாயின் மதிப்பை ஒரே ராத்திரியில் குறைத்துவிட்டது. பேப்பரில் போடும் டாலர் கணக்கை நான் நம்புவதாக இல்லை. நம் பழைய கணக்கே இருக்கட்டும். ஒரு லுங்கிக்கு இருபத்து நாலு கோழிமுட்டை விலை. நான் விலை போட்டால் என் ஊர் முட்டை, நீ பணம் கொடுத்தால் உன் ஊர் முட்டை. எந்த ராஜா வந்தாலும் கோழி ஒன்றுதானே. இங்கே முட்டை இருபத்தைந்து பைசா, ஆகவே லுங்கி ஆறு ரூபாய். அங்கே என்ன விலை என்று பார்த்து, அதன்படி ஆர்டர் எழுதி அனுப்பு.

உன் கூட்டாளி
மெஹர்னிசா


பினாங்கு
வெள்ளிக்கிழமை

பிரியமுள்ள மெஹர்னிசாவுக்கு ஆபிதாவின் சலாம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே முட்டை பத்து சென்ட். முன்பு மூன்று சென்ட்தான். உன் கணக்குப்படி லுங்கி இரண்டு டாலர் நாற்பது சென்ட், நாற்பது டஜனுக்கு ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு டாலர். ஆர்டரைத் தனிக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடைகளில் துணி என்பதே இல்லை. கப்பல்கள் வருவதில்லை. ஆனால் உன் சரக்கு வரும், எனக்குத் தெரியும். கடிகாரத்தை எல்லோரும் முன்னே தள்ளி வைக்கவேண்டும் என்று உத்தரவு. விடியும் முன்பே கடிகாரம் விடிந்துவிட்டது என்கிறது.

ஆபிதா


பழவேற்காடு
20-11-1966

அன்புள்ள ஆபிதா, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் ஆர்டரை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் போனேன். ஏஜெண்டை ஐயரே என்றேன், ஐயர் இல்லை, ஐயங்கார் என்று முதலிலேயே திருத்திவிட்டார். பாங்கு விலைப்படி உன் இரண்டு டாலர் நாற்பது சென்ட்டை ரூபாயாக்கினார். ஐந்து ரூபாய் எண்பத்தெட்டு பைசா வந்தது. என் ஆறு ரூபாயைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பன்னெண்டு பைசாதான் வித்யாசம். டில்லியில உக்காந்து அவா போடற கணக்கை நீங்க கோழியை வெச்சே போட்டுட்டேளே" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை. இரண்டாயிரத்து நூறு ரூபாய் கொடுத்தார். ஏப்ரல் கடைசிக்குள் உன் பணம் வராவிட்டால் வீடு அவர்களுடையது.

நெய்தது கும்மிடிப்பூண்டி தேசப்பன். மானமுள்ள நெசவாளி. கட்டுக்கு ஒன்று கொசுறு வைக்காமல் சரக்கை வெளியே விடமாட்டான். "கொசுறு இல்லாத கட்டு கடைசிக் கட்டு ஆயிடும், ஆயா" என்பான். பிரித்து எண்ணும்போது ஒன்று கூடுதலாக இருந்தால் பதறாதே. சென்ற வாரம் மதராஸில் கப்பலேற்றியாயிற்று.

ஒரு குறை. நீ தேதி, வருஷம் எதுவும் போடுவதில்லை. எல்லாக் கடிதமும் வெள்ளிக்கிழமை. அதென்ன?

மெஹர்னிசா


பினாங்கு
வெள்ளிக்கிழமை

பிரியமுள்ள மெஹர்னிசாவுக்கு,

லுங்கிகள் வந்தன. நானே போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்தேன். தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. கொசுறைத் திருப்பி அனுப்ப மனமில்லை.

முட்டை இருபத்தெட்டு சென்ட் ஆகிவிட்டது. உனக்கு நான் தரவேண்டியது டாலர் இல்லை, முட்டை. அதை மறக்கவில்லை. ஆண்பிள்ளைகளை வடக்கே ரயில் பாதை போடக் கூட்டிப்போகிறார்கள். திரும்பி வந்தவர் யாரும் இல்லை. அடுத்த முறை கட்டம் போடாத வெள்ளைத் துணி நெய்ய முடியுமா?

ஆபிதா


பழவேற்காடு
9-3-1967

அன்புள்ள ஆபிதா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்று மாதத்தில் முட்டை மூன்று பங்கு ஏறுமா? எந்த ரயில் பாதை? ரேடியோவில் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே. தபால்காரர் ஆசீர்வாதம் உறையைக் கொடுக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா ஆயா இது, பழைய ராஜா தலை போட்ட ஸ்டாம்பு. அதும் மேல வேற கட்டம் கட்டமா ஏதோ குத்திக்கினு கீது" என்றார். இந்தக் காலத்தில் வெள்ளைக்கார ராஜா ஏது என்று எனக்கும் தோன்றியது.

வெள்ளையாக நெய்யவேண்டும் என்று தேசப்பனிடம் சொன்னேன். "கட்டம் இல்லாத லுங்கிய உயிரோட இருக்கறவன் எவன் ஆயா கட்டுவான்?" என்று கேட்டான். அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நான் விலைகூடப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பணத்தை அனுப்பு, ஆபிதா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ராத்திரி தூக்கம் இல்லை. மகனுக்குப் பத்திரம் போன விஷயம் தெரியாது. நம் தெரு ஹனீப் வியாபாரத்துக்காகப் பினாங்கு வருகிறான். உன் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மெஹர்னிசா


பினாங்கு
வெள்ளிக்கிழமை

பிரியமுள்ள மெஹர்னிசாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. முட்டை இன்றைக்கு முப்பத்தைந்து டாலர். நானூற்று எண்பது லுங்கி, பதினோராயிரத்து ஐந்நூற்று இருபது முட்டை. நாலு லட்சத்து மூவாயிரத்து இருநூறு டாலர். பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு சென்ட் குறையாது. எண்ணிப் பார்த்துக்கொள்.

மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் சாப்பிட்டு நாளாயிற்று. அது பரவாயில்லை. மௌத்தானவர்களுக்குப் போர்த்தத் துணி இல்லை, மெஹர்னிசா. சாக்கில் சுற்றுகிறார்கள். சாக்கு முரடு. மழைக்காலத்தில் நனைந்து காய்வதேயில்லை.

ஆபிதா


பழவேற்காடு
2-6-1967

ஆபிதாவுக்கு,

பெட்டி வந்தது. நானூற்று மூன்று கட்டு, மேலே இருபது நோட்டு. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் எண்ணினேன். எல்லாம் பத்து டாலர் நோட்டு, வாழைமரப் படம், மடிப்புக்கூட விழாத புதுசு. ஆனால் மண் வாசனை.

ஒரு கட்டை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் போனேன். ஏஜெண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அம்மா, இது ஜப்பான்காரா மலாயாவைப் பிடிச்சிண்டிருந்தப்போ அடிச்ச நோட்டு. நம்பரே கிடையாது பாருங்கோ. அவா தோத்த அன்னிக்கே இதுவும் செத்துப் போச்சு. உங்க சிநேகிதி உங்களை ஏமாத்திட்டா" என்றார்.

ஏமாற்றவில்லை, முட்டைக் கணக்கு சரியாக இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. கெடுவை ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தார். வாசல் பக்கத்து அறையைச் சுவர் வைத்துப் பிரித்து அடுத்த வீட்டு அமானுல்லாவுக்கு விற்றேன். பாங்குக் கடன் தீர்ந்தது, பத்திரம் கைக்கு வந்தது. மகன் என்னோடு பேசுவதில்லை.

நேற்று ஹனீப் திரும்பி வந்தான். சலாம் சொன்னவன் உட்காரவில்லை. உன் தெருவில் உன் பெயரைச் சொன்னதும் எல்லோரும் அவனை ஒரு மாதிரி பார்த்தார்களாம். பள்ளிவாசல் பெரியவர் ஒருவர்தான் சொன்னார். அவர் சொன்னதை ஹனீப் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஜப்பான் காலத்துக் கடைசி வருஷம் அந்தம்மா மௌத்தாயிட்டாங்களாம், பெரிம்மா. வெள்ளிக்கிழமையாம். கபனுக்குத் துணி கிடைக்காம சாக்குல சுத்தி அடக்கினாங்களாம். அந்தத் தெருவுல மட்டும் அப்படிப் பதினேழு பேராம். ஆனா துறைமுகக் கிட்டங்கியில நம்ம சரக்கு எடுத்த ரிஜிஸ்தரைப் பார்த்தேன். ஆபிதான்னு தமிழ்ல கையெழுத்து. 'ஆ'வன்னா கீழ பெரிய சுழி."

நான் அழவில்லை. அழுததெல்லாம் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. எத்தனையோ விலை எழுதினாயே, உனக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவேயில்லை. முட்டை விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

தேசப்பனிடம் வெள்ளைத் துணி நெய்து வாங்கிவிட்டேன். பெண்பிள்ளைக்கு ஐந்து துண்டு, ஆணுக்கு மூன்று. யார் யார் என்று தெரியாததால் பதினேழு பேருக்கும் ஐந்தாகவே வைத்திருக்கிறேன். கற்பூரம் தனிப் பொட்டலம். இதற்கு ஆர்டர் இல்லை, பாங்கு இல்லை, முட்டை இல்லை. அதே முகவரிக்கு அனுப்புகிறேன். கப்பல்காரன் யாரிடம் கொடுக்கவேண்டும் என்று கேட்டான். அவளே வந்து கையெழுத்துப் போடுவாள் என்றேன்.

நிம்மதியாக இரு.

மெஹர்னிசா


பினாங்கு
வெள்ளிக்கிழமை

பிரியமுள்ள மெஹர்னிசாவுக்கு ஆபிதாவின் சலாம்.

துணி வந்தது. நூல் மெல்லிசு, உறுத்தவில்லை. பதினேழு பேருக்கும் கொடுத்துவிட்டேன். எல்லோரும் உனக்கு துவா செய்கிறார்கள். இனி ஆர்டர் எழுத மாட்டேன். இங்கே இப்போது எதற்கும் விலை இல்லை.

தேசப்பன் வழக்கப்படி கொசுறு வைத்திருக்கிறான். ஒரு ஆளுக்குச் சரியாக ஐந்து துண்டு. அதைத் திருப்பி அனுப்பவில்லை. உன் உயரம் எனக்குத் தெரியுமே, அளந்து பார்த்தேன், போதும். மடித்துக் கற்பூரம் வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவசரம் ஒன்றும் இல்லை.

உன் கூட்டாளி
ஆபிதா