கோட்டை நிற்கிறது என்று நீ எழுதிய கடைசிப் பத்தி

இன்று காலை உன் தம்பி போனில் ஒரு படம் அனுப்பினான். உன் கண்ணீர் அஞ்சலி பேனர். "அச்சுக்குப் போவுதுக்கா, ஒருதபா படிச்சுப் பாத்துச் சொல்லு. நீதான் டீச்சராச்சே" என்றான். பெரிய பொட்டு வைத்துக்கொண்டு சிரிக்கிறாய். மேலே, இறுதி ஊர்வலம் காலையில் என்றிருந்தது. கீழே, மாலையில் என்றிருந்தது. மேலே இருப்பதை அவனும், கீழே இருப்பதை உன் வீட்டுக்காரரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவில்லை. நம் கட்டுரை ஞாபகம் வந்துவிட்டது.

பத்தாவதில் நாம் சேர்ந்து எழுதிய 'டச்சுக்காரர் காலத்துப் பழவேற்காடு'. அது பொன்னேரி விழாவுக்குத் தேர்வானால் உன்னை மேலே படிக்க வைப்பதாக உன் நைனா வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அப்படி நிபந்தனை ஏதும் இல்லை. திட்டம் போட்டதெல்லாம் நீதான். கோட்டைக்குப்பம் கரையில் உட்கார்ந்து, "மொதல்ல இன்னா சொல்லப் போறோம்னு ஒரே வரில சொல்லுடி, அப்புறம் எழுதலாம்" என்றாய். அந்த ஒரு வரிக்கு எனக்குப் பாதி நாள் ஆயிற்று.

பிறகு பத்திகளைப் பாடு பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டோம். ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடுவது என்று ஊரில் முறை வைப்பார்களே, அதேபோல. அடுத்தவர் பாட்டில் வலை இறக்குவது அசிங்கம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

கோட்டை இடிந்து முள்மேடாகிப் போனதை நான் எழுதினேன். கடைசிப் பத்தி உன்னுடையது. முடிவு கம்பீரமாக இருக்க வேண்டும் என்று, 'கோட்டை இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது' என முடித்திருந்தாய். தாள்களைத் தைக்கும்போது பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். உன் பாடாயிற்றே.

விழாவுக்குத் தேர்வு செய்யும் நாளில், பள்ளிக்கூடத்து மேடையில் நீதான் படித்தாய். கடைசி வரியில், பின்வரிசையிலிருந்து ஒருவன், "எங்க நிக்குது? எங்க ஆடு அங்கதான் மேயுது!" என்று கத்தினான். கூடமே சிரித்தது. நீ அவசரமாகத் தாளைத் திருப்பி என் பத்தியைத் தேடினாய்.

வெளியே வந்ததும், "உனுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாய். தெரியும் என்றேன். உன் பாட்டில் எப்படிக் கை வைப்பது என்று இழுத்தேன்.

"வலைக்குத்தாண்டி பாடு. இதுக்கு இன்னாத்துக்கு?"

கோபம்கூட இல்லை உனக்கு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கட்டுரை தேர்வாகவில்லை. அந்த ஜூனில் நான் மேலே படிக்கப் பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். நீ உன் அம்மாவோடு மீன் கூடை தூக்கினாய். ஜன்னலில் நான் தலையைக் குனிந்துகொள்வேன், நீ கையாட்டுவாய்.

இப்போது என் வகுப்பில் சொல்கிறேன்: சொல்லப்போவதை முதலில் ஒரே வரியில் சொல்லுங்கள். எழுதி முடித்ததைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்து, முழுவதையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் என்னைக் கெட்டிக்கார டீச்சர் என்கிறார்கள். உன் படிப்பு போய் எனக்கு வந்த புத்தி இது என்று எப்படிச் சொல்வேன்?

கேவலம் என்னவென்றால், இன்றைக்கும் தயங்கினேன். சாவு வீட்டு விஷயம், அவர்கள் குடும்பம், நாம் ஏன் தலையிட வேண்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். இவ்வளவுக்குப் பிறகும்! பிறகு, "உனுக்கு முன்னாடியே தெரியுமா?" என்ற உன் கேள்வி காதில் விழுந்தது. உடனே உன் தம்பியைக் கூப்பிட்டு, ஊர்வலம் காலையிலா மாலையிலா என்று கேட்டேன்.

"சாயங்காலம்தான்க்கா. நல்லவேள சொன்ன. முழுசா ஒருதபா படிச்சுக் காட்டிடு" என்றான்.

வாய்விட்டுப் படித்தேன். உன் பெயர் வந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"இன்னாக்கா, அங்க ஏதாவது தப்பா?"

இல்லை என்றேன்.