இரண்டு டர்ன்டேபிளும் ஒரு மிக்ஸரும்

உனக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். பேசத் தைரியம் வராததைச் சீட்டில் எழுதி உன் நோட்டுக்குள் செருகிவிடுவதுதானே கல்லூரியிலும் என் வழக்கம்.

உங்கள் வீட்டு மாடியில் ஒரு மாதமாகப் பாட்டுப் போடப் பழகுகிறேன். ஏர்வாடிக் காற்றின் உப்பு ஏறிவிடக்கூடாதென்று தினமும் இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள்களைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறேன். மறுநாள் திறந்ததும் புது ரப்பர் வாசம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கைக்குக் கல்யாணம். பெண்கள் பக்கம் ஆண்கள் வரமாட்டார்கள், அதனால் அங்கே பாட்டுப் போடப் பெண்தான் வேண்டும். "எந்தங்கச்சி கல்யாணத்துக்கு நான்தான் டிஜே" என்று நீ வாக்குக் கொடுத்திருந்தாய். நாலு நாள் காய்ச்சலில் நீ போய் எட்டு மாதமாகிறது. நீ நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கப்போகிறேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று ஊரார் விண்ணப்பமெல்லாம் என்னிடம்தான் வரும். எழுதிக் கொடுத்துவிடுவேன். அதை அலுவலகத்தில் கொண்டுபோய்ப் பேசச் சொன்னால் கால் நகராது. அந்தக் கால்களோடுதான் இருநூறு பெண்கள் முன்னால் நிற்க வேண்டும்.

எதை வாங்குவது என்று படித்துச் சொல்வது நான், ஆள் முன்னால் நிற்பது நீ என்று வேலையைப் பிரித்திருந்தோம். பாட்டெல்லாம் லேப்டாப்பில் இருந்தாலும், அதை ஒரு சிறப்பு இசைத்தட்டு வழியாகக் கையால் ஓட்டலாம் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னபோது நீ துள்ளினாய். "லேப்டாப்பை மட்டும் பாத்துக்கிட்டு நின்னா பரீட்சை எழுதுற மாதிரி இருக்கும்டி. கை சுத்துறது தெரிஞ்சாத்தான் பொம்பளைங்க எந்திரிச்சு ஆடுவாங்க."

மதுரையில் அந்த ஒலிக்கருவிக் கடைக்குச் சும்மா பார்க்கப் போனோமே. "யாருக்கும்மா, தம்பிக்கா?" என்றார் கடைக்காரர். "எனக்குத்தாண்ணே. தம்பி வேணும்னா பொட்டி தூக்க வரட்டும்" என்றாய். அவர் முதலில் காட்டியது பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிள். சுற்றும் தட்டை நீ விரலால் நிறுத்தி, பிறகு விட்டாய். அது மெல்லத் தடுமாறி வேகம் பிடித்தது. "என்னண்ணே, மாடிப்படி ஏறுன கெழவி மாதிரி மூச்சு வாங்குது?" நான் உன் காதில் சொன்னேன், மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றுவது வேண்டும் என்று. நீ அதை உரக்கச் சொன்னாய். நாலு பாட்டை ஒன்றாகக் கலக்கும், விளக்குகள் மின்னும் நாலு வரிசை மிக்ஸரை எடுத்தார். தொடங்குகிறவர்களுக்கு இரண்டு வரிசை போதும் என்று கிசுகிசுத்தேன். அதையும் நீ உரக்கச் சொன்னாய். அன்று முழுவதும் என் வாய் உன் காதருகில்தான் இருந்தது.

போன மாதம் உன் உம்மா சாமான் வாங்க என்னை அதே கடைக்கு அனுப்பினார்கள். தனியாகப் போனேன். டர்ன்டேபிள் சரியாகவே கிடைத்தது, விரலால் நிறுத்திப் பார்த்தேன். மிக்ஸரில்தான் மாட்டிக்கொண்டேன். கடையில் புதிதாக இருந்த ஆள் மைக் செட்டுக்காரர்கள் வைத்திருக்கும் மிக்ஸரை எடுத்து வைத்தார். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெலிந்த சத்தத்தை அது வாங்காது. அடுத்த பாட்டை ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்கவும் வசதியில்லை. பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் அவர் பேசிக்கொண்டே கட்டினார், நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வரை ஆட்டோவில் வந்தும்விட்டேன். ராமநாதபுரம் பஸ் ஒன்று நிரம்பிப் போனது, இன்னொன்றும் போனது. பெட்டிகளோடு உட்கார்ந்தே இருந்தேன். கடைக்குத் திரும்பவில்லையென்றால் உன் தங்கையின் கல்யாணத்தில் சத்தமே வராது. திரும்பினேன்.

"அண்ணே, இது எனக்கு ஆகாது. டிஜே மிக்ஸர் வேணும். ரெண்டு வரிசை."

அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கல்லாப்பெட்டியைப் பார்த்தே சொன்னேன்.

"அட, அப்பவே சொல்லிருக்கலாமேம்மா" என்று சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான். மிக்ஸர் பெட்டியை மட்டும் பரமக்குடி தாண்டும்வரை மடியைவிட்டு இறக்கவில்லை.

இன்று மாலை ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டியபோது மேசை அதிர்ந்து ஊசி தட்டைவிட்டுத் துள்ளியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உம்மா கீழேபோய்ப் பழைய நைலான் வலையை நாலாக மடித்துக் கொண்டுவந்தார்கள். "இதை அடியில வையி மகளே. படகு எஞ்சினுக்கே உங்க மாமா இதைத்தான் வைப்பாக." வைத்தேன். ஊசி அசையவில்லை.

பிறகு உம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். "அவ பேசுனது ஒன்னு உம்போன்ல இருக்காமே. ஞாயித்துக்கிழமை அவ குரலோட ஆரம்பிச்சிரு. அவளே வந்த மாதிரி இருக்கும்."

நீ விளையாட்டாய்ப் பதிந்தது அது. "வாங்க ராத்தாமார்களே, தங்கச்சிமார்களே, எந்திரிங்க! பாட்டெல்லாம் எடுத்தது எம்பக்கத்துல நிக்கிறவ. அவ வாயத் தொறக்கமாட்டா, நீங்க பயப்படாதீக!" அதன்பின் உன் சிரிப்பு. அதோடு நின்றுவிடும்.

உம்மாவிடம் சரி என்று தலையாட்டிவிட்டேன், கடையில் ஆட்டியது போலவே. வீட்டுக்கு வந்து நாலு முறை போட்டுப் பார்த்தேன். சிரிப்பு நின்றதும் என் கை மிக்ஸரின் மேல் அப்படியே இருப்பதாக நினைத்துக்கொண்டேன். நீ இன்னும் ஏதோ சொல்வாய் என்று காத்திருப்பேன். உம்மாவும் காத்திருப்பார்கள். கூடத்திலிருக்கும் எல்லாரும் காத்திருப்பார்கள். அந்த அமைதிக்குள் அடுத்த பாட்டை என்னால் விட முடியாது. உன் தங்கை மருதாணிக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன் குரலை நான் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். எங்கே போனாலும் என்னோடுதான் இருக்கும். ஆனால் நாளைக் காலை உங்கள் வீட்டுக்குப் போய், உம்மாவின் முகத்தைப் பார்த்து, "உம்மா, அது வேணாம், நானே பேசி ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லப்போகிறேன்.

இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும், நீ பேசாமல் இரேன்.