விரிசலுக்கு முதல் பரிசு

பிப்ரவரி 4, புதன்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பல் துலக்கக் கீழ்த்தளம் வரை போய் வந்தேன். முதல் வகுப்புக்குத் தாமதம். இதெல்லாம் விடுதியில் வழக்கம்தான். வழக்கமில்லாதது ஒன்று: எங்கள் அறைச் சுவரின் விரிசல் சுவிட்சுப் பலகையைத் தொட்டுவிட்டது.

போன மாதம் அது கூரை மூலையில் ஒரு தலைமுடி அளவுதான் இருந்தது. இப்போது என் சுண்டுவிரல் நகம் உள்ளே போகிறது. அந்த மூலைக்கு நேர் கீழே என் அறைத்தோழியின் கட்டில். விலங்கியல் படிக்கிறாள். தூங்குமூஞ்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அவளுக்கும் வருத்தமில்லை. ஆய்வகம் முடிந்து மதியம் இரண்டு மணிக்குப் படுத்தால் நாலு மணி வரை இடியே விழுந்தாலும் எழமாட்டாள். கட்டிலை நகர்த்து என்றால், ஜன்னல் காற்று அங்கேதான் வருகிறதாம்.

இடியே விழுந்தாலும் — என்ன வார்த்தை எழுதுகிறேன் நான்.

பிப்ரவரி 6, வெள்ளி

வார்டனுக்குப் புகார் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மாடிப் பெண்கள் எல்லோரும், நீதானே எழுத்துக்காரி, நீ எழுதினால் வார்டன் அசந்துவிடுவார் என்றார்கள். புகழ்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது. உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். தலைப்பு வேறு வைத்தேன். ‘சுவருக்கும் மனம் உண்டென்றால் அது இப்படித்தான் உடையும்’ என்று ஆரம்பம். நடுவில் விரிசலை நதி என்றேன், மின்னல் என்றேன். முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

வார்டன் அறை வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தேன். என்னை இங்கே சேர்த்த அன்று அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: உன்னைப் பற்றி ஒரு பேச்சு என் காதுக்கு வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவர் சொன்னால் சொன்னதுதான். அக்காவை இரண்டாம் வருடத்தில் பாதியில் கூட்டிப் போனவர். அவள் புத்தகங்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன.

வார்டன் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அழகாக எழுதியிருக்கிறாய் என்றார். தப்பித்தோம் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் என் பெயர். கல்லூரி ஆண்டு மலரின் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. நான் எதையும் அனுப்பவில்லையே என்று ஓடிப்போய்க் கேட்டால் — என் புகார்! வார்டன் அதைக் கட்டுரை என்று நினைத்துப் போட்டிக்குச் சேர்த்துவிட்டார். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார். அதுதான் கொடுமை.

போட்டிக்கு நடுவராக இருந்த ஆசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘விரிசல் என்னும் உருவகம் அபாரம். அது எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் விட்டது முதிர்ச்சி.’

“மிஸ், அது விரிசலைத்தான் குறிக்குது.”

சிரித்தார். பக்கத்தில் இருந்த ஆசிரியரிடம், எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார்.

அறைக்கு வந்தேன். தூங்குமூஞ்சி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டின் மேல் சுண்ணாம்புத் துகள். துடைத்துவிட்டேன். அவள் அசையக்கூட இல்லை.

பிப்ரவரி 18, புதன்

வார்டன் மேல் கோபப்பட முயன்று பார்த்தேன், வரவில்லை. தலைப்பு வைத்தது யார்? அறை எண் எங்கே? மூன்றாம் பக்கத்தில், அதுவும் ‘பதினான்காம் கூட்டில் இரு பறவைகள்’ என்று. அந்த அம்மா அதில் எதைக் கண்டுபிடிப்பார்? நான் வார்டனுக்கு எழுதவே இல்லை. எங்கேயோ உட்கார்ந்து என்னைப் பாராட்டப்போகும் ஒருத்திக்கு எழுதினேன். அவள் பாராட்டிவிட்டாள். இனி யாரைக் குறை சொல்வது?

பிப்ரவரி 20, வெள்ளி

கல்லூரி அலுவலகத்தில் தபால் பிரிக்கும் அக்காவிடம் போனேன். அவருக்கு என் மேல் எரிச்சல்தான். “மேல ‘பொருள்’னு ஒரு வரி இல்லைன்னா நான் எந்த ஃபைல்ல போடறது? என் வீட்டுல கொண்டுபோய் வைக்கறதா?” என்றார். தலைகூட நிமிரவில்லை. இருந்தாலும் மாதிரிக்கு ஒரு பழைய மனுவைத் தள்ளினார்.

அதைப் பார்த்தே எழுதினேன். ஒரு பக்கம். பொருள்: அறை எண் 14, சுவர் விரிசல். அனுப்புநர், பெறுநர் எல்லாம் ஒழுங்கு. கடைசி வரியில், ‘அறையின் தோற்றம் மிகுந்த அச்சமூட்டுகிறது, உடனே சரிசெய்து உதவவும்’ என்று முடித்தேன்.

அக்கா முத்திரை குத்தியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

சரிசெய்துவிட்டார்கள். தோற்றத்தை.

காலையில் ஒரு கொத்தனார் பட்டி மாவும் வெள்ளைச் சுண்ணாம்புமாக வந்து விரிசலை அடைத்துப் பூசினார். சுவர் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது. நான் என்ன கேட்டேனோ அதையே செய்திருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினேன், பயம் தெரியாதபடி மூடிவிட்டார்கள்.

இது போதுமா என்று கொத்தனாரைக் கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மொட்டைமாடியைப் பார்த்தார். போன ஜூனில்தான் அங்கே பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள்.

“எனக்குப் பூசச் சொன்னாங்க, பூசிட்டேன். ஒரு கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்க ஒட்டி வைங்க. சுவர் நகர்ந்தா கண்ணாடி தாங்காது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

மார்ச் 1, ஞாயிறு

தூங்குமூஞ்சி ஆய்வகத்திலிருந்து இரண்டு ஸ்லைடுகள் கொண்டுவந்தாள். பூச்சிச் சிறகை வைத்துப் பார்க்கும் கண்ணாடி. பட்டியைச் சுரண்டி, மேலே ஒன்று, கீழே ஒன்று குறுக்காக ஒட்டினோம். பக்கத்தில் பென்சிலால் தேதி. அவளுக்கு இது விளையாட்டு. எனக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

உடையவில்லை.

மார்ச் 4, புதன்

மேல் கண்ணாடி உடைந்துவிட்டது. காலை ஏழு மணிக்குப் பார்த்தேன், சரியாக நடுவில். தொடவே இல்லை நாங்கள். சத்தியமா தொடலை. உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே புதுக் கண்ணாடி ஒட்டினேன். தூங்குமூஞ்சிக்கு முதன்முறையாக முகம் வெளுத்தது. கட்டிலை நகர்த்த முயன்றோம், என் கட்டிலும் அலமாரியும் வழிவிடவில்லை. ஒரு சாண் நகர்ந்தது. ஒரு சாண் போதுமா?

மார்ச் 7, சனி

புதுக் கண்ணாடியும் உடைந்தது. மூன்று நாள்.

மார்ச் 8, ஞாயிறு

யாருக்கு எழுதுவது? நாள் பூராவும் இதே யோசனை. வார்டனிடம் நேரில் சொன்னதற்கு, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றார். அவருக்கு மேலே நிர்வாகம். தொட்டியை வைத்ததே அவர்கள்தான். தாங்கள் வைத்த தொட்டியைத் தாங்களே தப்பு என்பார்களா?

வார்டன் அறைச் சுவரில் ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கிறது, கட்டடம் உறுதியாக உள்ளது என்று. கீழே ஒரு பொறியாளரின் கையெழுத்து, முகவரி, தேதி. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. இதற்கு முன் நூறு தடவை பார்த்திருப்பேன், இன்றைக்குத்தான் படித்தேன்.

அவருக்கு எழுதினேன். ‘உங்கள் கையெழுத்தை நம்பித்தான் நாங்கள் தூங்குகிறோம். எங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் நீங்களே பொறுப்பு.’ எழுதும்போது கை ஜிவ்வென்று இருந்தது. தூங்குமூஞ்சியிடம் படித்துக் காட்டினேன்.

“நான் அந்த ஆளா இருந்தா வரமாட்டேன்டி. ஒளிஞ்சுக்குவேன். எலியைப் பயமுறுத்தினா மூலைக்குத்தான் ஓடும். வெளிய வரணும்னா ஒரு வழி விடணும்.”

இரண்டு வருடம் இலக்கியம் படித்தவள் நான், இது எனக்குத் தோன்றவில்லை. பயம் என்னிடம் நிறைய இருக்கிறது, அதை அள்ளி அவர் மேல் கொட்டினேன். அவருக்கும் பயம் இருக்குமே என்று நினைக்கவில்லை.

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அறை எண். விரிசலின் நீளம், அகலம், தேதிவாரியாக. கண்ணாடி ஒட்டிய நாள், உடைந்த நாள். பிறகு அவருக்கான வழி: ‘தாங்கள் சான்று அளித்தபோது மேல்தளத்தில் தண்ணீர்த் தொட்டி இல்லை. அது கடந்த ஜூனில் வைக்கப்பட்டது. இதைத் தங்களுக்கு யாரும் தெரிவித்திருக்கமாட்டார்கள் என்பதால் தெரிவிக்கிறேன்.’ மொத்தம் பதினோரு வரி. ஒரு உவமைகூட இல்லை. என் எழுத்து மாதிரியே இல்லை.

கையெழுத்துக்கு மாடி முழுக்க நடந்தேன். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்குத் தேர்வு, ஒருத்தி கதவே திறக்கவில்லை. எங்கள் இருவர் பெயர்தான்.

மார்ச் 9, திங்கள்

பொறியாளர் அலுவலகம் இரண்டு நிறுத்தம் தள்ளி. நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினேன்.

மார்ச் 12, வியாழன்

வந்துவிட்டார். காலை எட்டு மணிக்கே, இரண்டு ஆட்களோடு. என் கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. உடைந்த கண்ணாடிகளைப் பார்த்தார், பென்சில் தேதிகளைப் பார்த்தார், மேலே போய்த் தொட்டியைப் பார்த்தார். தொட்டியைக் காலி செய்யுங்கள், இந்த மாடியில் யாரும் இருக்கக் கூடாது என்றார். மதியத்துக்குள் பெட்டி படுக்கையோடு நாற்பது பேரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கினோம். இரும்புக் கட்டில்களை அப்படியே விட்டுவிட்டோம்.

வார்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். ‘சொன்னேன் மேடம், பரிசு கொடுத்தீங்க’ என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். நிர்வாகம் அவரைக் கேள்வி கேட்கிறதாம். என் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார். ஞாயிறு அப்பா வருகிறார்.

மார்ச் 14, சனி

நாற்பது பேருக்கு இரண்டு கழிவறை. தேர்வுக்குப் பத்து நாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். தலைவலிக்காரிதான் அதிகம் பேசுகிறாள்.

அந்தச் சுவர் விழவே இல்லை என்றால்? கண்ணாடியை நானே உடைத்தேன் என்று சொல்வார்களோ? இன்று ஒரு நிமிடம், சுவர் விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்ன ஜென்மம் நான்.

மார்ச் 15, ஞாயிறு

அப்பாவுக்கு வேலை. அடுத்த ஞாயிறு வருகிறாராம். ஒரு வாரம் கூடுதலாகப் பயப்படலாம்.

மார்ச் 17, செவ்வாய்

விழுந்துவிட்டது.

கூடத்தில் இருந்தோம். மேலே சத்தம் கேட்டது, பிறகு மாடிப்படி வழியாக வெள்ளைத் தூசி இறங்கியது. யாருக்கும் ஒன்றுமில்லை. மேலே யாரும் இல்லை. தூங்குமூஞ்சி அப்போது என் பக்கத்தில் பாயில் படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்து மணி கேட்டாள். சொன்னேன். அதன் பிறகு அவள் படுக்கவில்லை.

மாலையில் வார்டன் கூப்பிட்டார். மேசையில் வெள்ளைத் தாள், பேனா. நிர்வாகத்துக்கு அறிக்கை போக வேண்டும். அவர் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவருக்கும் இந்த விடுதிதான் வீடு. இரண்டு மகள்களோடு கீழ்த்தளத்தில் இருக்கிறார்.

“நீ நல்லா எழுதுவே. பூச்சு உதிர்ந்ததுன்னு கொஞ்சம் நயமா எழுதிக் குடும்மா. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.”

என்னால் முடியும். அதுதான் பயமாக இருந்தது. அந்த அறிக்கையின் முதல் வரிகூட மனதில் வந்துவிட்டது, வழுவழுவென்று. அக்காவின் புத்தகங்கள் பரணில் கிடப்பது கண்முன் வந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பிறகு எழுதினேன்.

‘மார்ச் 17, மதியம் 2.40. அறை எண் 14-இன் மேற்கு மூலைக் கூரையும் சுவரும் இடிந்து விழுந்தன. விழுந்த இடத்தில் ஒரு கட்டில் இருந்தது. கட்டில் நசுங்கிவிட்டது. மார்ச் 11 வரை தினமும் அந்த நேரத்தில் அதில் ஒரு மாணவி தூங்கினாள்.’

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வார்டன் படித்தார். மறுபடி படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தபடி வாசலைப் பார்த்தார். வெளியே அவருடைய சின்ன மகள் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

பேனாவை எடுத்தார். என் நாலு வரிக்குக் கீழே, தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘இந்த மாணவி பிப்ரவரி 6 அன்றே என்னிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தார்.’

பிறகு கையொப்பமிட்டார்.