உன் பெயரில் தொங்கும் துணி

பத்துமலை முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
10-6-1936

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் கன்னையாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண்சாதி இராஜம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க முருகன் பார்த்துக்கொள்வான். உன் இருமல் நின்றதா என்று கேட்டு எழுதத்தான் போன வாரம் இந்தக் காகிதத்தை வாங்கி வைத்தேன், இன்றைக்கு அதே காகிதத்தில் உன்னைத் திட்டி எழுத வேண்டியதாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் நீதான் காரணம்.

உன் படம் இங்கே நடக்கும் சித்திரக் கண்காட்சிக்கு எடுபட்டது, புது முறைப் பிரிவில் முதல் பரிசும் கிடைத்தது என்று எழுதியிருந்தாயே, இரண்டு வருஷமாக உன் படங்களைத் திருப்பி அனுப்பினவர்கள் இப்போதாவது கண் திறந்தார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு சுலைகாவிடம் சொன்னேன், பாசாரில் மீன்காரனிடம்கூடச் சொன்னேன். வெள்ளைக்காரர் கூட்டமாக இருக்கும், நீங்கள் போய் அலைய வேண்டாம் என்று நீ எழுதினதை என் மேல் உள்ள கரிசனம் என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். பார்த்துவிட்டு வந்து எழுதி உன்னை அசத்திவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு இராஜம்மாவையும் கூட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் போய் இறங்கினேன்.

நாடு முழுக்க இருந்து நூறு பேருக்கு மேல் அனுப்பினார்களாம், மூன்று நடுவர்கள் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தது நாற்பதுதானாம். ஒரு சீனர் உடைந்த பீங்கானை ஒட்டியே ஓர் ஆற்றைச் செய்திருக்கிறார், ஒரு மலாய் வாத்தியார் விளக்குப் புகையைத் தகரத்தில் பிடித்து மழை காட்டியிருக்கிறார். இதெல்லாம் ஒரு படமா என்று கேட்டுக்கொண்டேதான் போனேன், ஆனாலும் கால் அங்கங்கே நின்றுவிட்டது. கடைசிச் சுவருக்கு வந்தால் உன் அப்பாவின் பழைய வேட்டி தொங்குகிறது. அதன் மேல் ஆற்றோரச் சேற்றில் பாக்காவ் என்கிற அலையாத்தி மரத்து வேர்கள் பின்னிக்கொண்டு நிற்கின்றன, கீழே அட்டையில் உன் பெயர். அது யார் செய்தது என்று எனக்குத் தெரியாதா? கேரித் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் இராஜம்மா, பால் பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். ரப்பர் பாலால் கோடு இழுத்து, காயவிட்டு, பாக்காவ் பட்டைச் சாயம் பூசி, பாலை உரித்தெடுத்து, அந்த வேர்களை வெள்ளையாக நிற்க வைக்க அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று. தீபாவளிக்கு வந்தபோது கொல்லையில் அது காய்வதைப் பார்த்துவிட்டு, கூட்டாளிகளிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றுதானே எடுத்துப் போனாய்? இதற்கு உன் ஊரில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? எங்கள் ஊரில் திருட்டு என்பார்கள்.

அதோடு முடியவில்லை. கண்காட்சி நடத்தும் சங்கத்துக் கிளார்க்கு ராதாகிருஷ்ணன் என்னை உன் தாயார் என்று தெரிந்துகொண்டு ஒரு நடுவரை அழைத்து வந்தார். அந்தத் துரை வேட்டி ஓரத்தில் இருக்கும் தையலைக் காட்டி, துணியின் காயத்தை மறைக்காமல் விட்டது பெரிய துணிச்சல் என்று புகழ்ந்ததாகக் கிளார்க்கு தமிழில் சொன்னார். அது எலி கடித்த ஓட்டையடா, நான் தைத்தது! கடைசி நாளான வருகிற ஞாயிற்றுக்கிழமை பரிசு வாங்கியவர் எல்லார் முன்னாலும் செய்து காட்டுவது அவர்கள் விதியாம், உங்கள் மகன் இதையெல்லாம் எங்கே கற்றார் என்றும் கேட்டார். இராஜம்மா தரையைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சின்ன வயசிலேர்ந்தே அவனுக்கு இதுலதான் கை என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன். அத்தனை பேருக்கு நடுவில் உன் மானம் போய்விடக் கூடாது என்று அவள் மானத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். உன் மேல் எவ்வளவு கோபமோ அதைவிட ஒரு பங்கு கூடுதலாக என் மேல் எனக்குக் கோபம்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் அழவுமில்லை, என்னைக் குறை சொல்லவுமில்லை. ஆணியில தொங்கினா துணி இழுத்துக்கும் அத்தை, மடிச்சு வைக்கச் சொல்லுங்க என்றாள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் பார்த்தால் ரப்பர் பால் ஊற்றி வைக்கும் தகர டின்களைக் கழுவிக் கவிழ்த்து, அரிசி கொட்டி வைக்க ஆகும் என்று பரண்மேல் எடுத்து வைத்துவிட்டாள். நேற்று உன் கடிதம் வந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டுவேன் என்று தெரிந்தும், ஆபீசில் ஒருவர் கேட்கிறார், இராஜம்மா எந்த வரிசையில் என்னென்ன செய்வாள் என்று கேட்டு எழுதுங்கள் அம்மா என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு நெஞ்சு எதனால் ஆனது? ஞாயிற்றுக்கிழமை நீ செய்து காட்டத்தான் கேட்கிறாய் என்று தெரிந்தும் அவள் என் எதிரில் உட்கார்ந்து, எழுதிக்கங்க அத்தை, மொதல்ல துணிக்கு என்று ஆரம்பித்தாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவங்க பேரே இருந்துட்டுப் போவட்டும், நான் ஒண்ணும் கேக்கலையே என்கிறாள். அவள் கேட்கவில்லை என்பதுதான் என் வயிற்றை எரிக்கிறது. பால் தொடுவதற்கு முன்னால் துணிக்கு ஒரு பக்குவம் உண்டு, அது தெரியாமல் உரித்தால் துணியே கிழியும். அதை நான் உனக்கு எழுதப்போவதில்லை.

இன்று காலை ராதாகிருஷ்ணனிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான். அவர் நடுவர்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். உன் பெயர் அட்டையை எடுத்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை யார் செய்து காட்டுகிறார்களோ அவர்கள் பெயரை எழுதுவார்களாம். வீட்டுக்கு வந்து இராஜம்மாவிடம் சொன்னேன். எழுந்து போய் டின்களைக் கீழே இறக்கினாள், புதுப் பால் கொண்டுவரும்படி தோட்டத்திலிருக்கும் அவள் அப்பா பக்கிரிசாமிக்கு ஆள் சொல்லி அனுப்பச் சொன்னாள். லீவு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லாதே, சனிக்கிழமை ரயிலில் ஏறு. இருமலுக்குச் சுக்குக் கஷாயம் போட்டு வைக்கிறேன், கோபம் வேறு, அது வேறு.

பாலை உரிக்கும்போது துணியின் மறு முனையை ஒருவர் விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும், இத்தனை நாளும் நான்தான் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் பிடிக்க மாட்டேன், நீ வந்து பிடி. யார் நீ என்று அந்தத் துரை கேட்டால் இராஜம்மாவின் புருஷன் என்று சொல். நல்ல புத்தியோடு நீண்ட காலம் இருக்க முருகன் உனக்கு அருளட்டும். பத்து மணிக்கு ஆரம்பிப்பார்கள், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
வீரம்மா